கற்பூரம் அடித்த வேட்பாளர்

"ஐயோ... தலைவரைக் குத்திட்டாங்கோ!"

மேனாம்பேடு பொன்னியம்மன் கோயில் திடலில் மைக் அலறியது.

மேடையில் சரிந்து கிடந்தார் கலியமூர்த்தி. பஞ்சாயத்து சேர்மன். எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர். தொடையில் கத்திக்குத்து. வெள்ளை வேட்டி சிவந்துகொண்டிருந்தது.

குத்தியவன் முகத்தில் துண்டு. கூட்டத்தில் புகுந்து மறைந்துவிட்டான்.

கலியமூர்த்தி பதறவில்லை. ஏன்?

ஏற்பாடு அவருடையதுதான்!

லேசாக ஒரு கீறல். பூந்தமல்லியில் மச்சானுடைய நர்ஸிங் ஹோமில் பெரிய கட்டு. பேப்பரில் போட்டோ. தொகுதி முழுக்க அனுதாப ஓட்டு!

ஆனால்... ரத்தம் நிற்கவில்லை. கத்தி ஆழமாக இறங்கியிருந்தது.

இப்போது பதறினார்.

"தாயம்மா... காரை எடுக்கச் சொல்லு! பூந்தமல்லிக்குப் போவணும்!"

அவருக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள் தாயம்மா. அவள் கண்களில் நீர்.

"தலைவரே... இப்பத்தானே சூடம் அடிச்சீங்க?"

அடித்தார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்து, அம்மன் சாட்சியாகச் சொன்னார்: 'ஏழைக்கு இலவச வைத்தியம்! எனக்கே ஒண்ணுன்னாலும் நம்ம பஞ்சாயத்து ஆஸ்பத்திரிதான். வேற வாசப்படி மிதிக்க மாட்டேன்!'

"அது... சும்மா பேச்சுக்கு..."

தாயம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வலியில உளர்றாரு! சூடம் அடிச்சத மாத்துனா ஆத்தா ஊரையே கேப்பா. தூக்குங்கடா!"

தூக்கினார்கள். 'தலைவர் வாழ்க!' கோஷத்தோடு. பூந்தமல்லிக்கு எதிர்த் திசையில்!

பஞ்சாயத்து ஆஸ்பத்திரி. நர்ஸ் ஞானம்மாள் காயத்தைத் துணியால் அழுத்தினாள்.

"டாக்டரம்மா எங்க?" கலியமூர்த்தி முனகினார்.

"சாயந்தரத்துல உங்க மச்சான் நர்ஸிங் ஹோம்லதானே இருக்காங்க!"

"நீயாவது... தையல் போடு!"

"நூல் இல்லீங்க. ரத்தம் நிக்க ஊசியும் இல்ல."

"எங்க போச்சு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் பூந்தமல்லிக்கு ஏத்தச் சொன்னதே நீங்கதானே!"

கலியமூர்த்தி கட்டிலில் சாய்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

ஞானம்மாள் வாசலைப் பார்த்துக் கத்தினாள். "இங்க ஒண்ணுமே இல்லம்மா! தயவு பண்ணி பூந்தமல்லிக்குக் கொண்டு போங்க!"

தாயம்மா வாசலை மறித்து நின்றாள்.

"எங்க ஜனங்க இங்கதான் பொழைக்கணும்னா தலைவரும் இங்கதான் பொழைப்பாரு!"

வெளியே ஜீப் சத்தம்!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இன்ஸ்பெக்டர் பால்ராஜ் வந்தார். கூடவே, விலங்கிட்ட கையோடு ஒருவன்.

வேம்புலி! கலியமூர்த்தியின் நிழல் மாதிரி திரிந்த தொண்டன்.

"கத்தியோட தானே வந்து சரண்டர் ஆயிட்டான்," என்றார் பால்ராஜ்.

"துரோகி... நான் கீறத்தானேடா சொன்னேன்!"

பால்ராஜின் புருவம் உயர்ந்தது. "ஓ... ஏற்பாடு உங்களுதா?"

"யோசனை என்னுது சார்," என்றான் வேம்புலி. "அனுதாப ஓட்டு வுழும்னு சொன்னேன், துள்ளிக் குதிச்சாரு. சூடம் அடிச்சா ஜனம் நம்பும்னு சொன்னதும் நான்தான்."

"ஏன்டா?" கலியமூர்த்தியின் குரல் காற்றாக வந்தது.

"என் பொண்டாட்டி நாகம்மா... இதே கட்டில். பிரசவம். ரத்தம் நிக்க ஒரு ஊசி கேட்டேன். இல்லன்னாங்க. நீங்க மாலையோட வந்து அழுதீங்க."

வாசலில் தாயம்மாவின் கை கதவிலிருந்து நழுவியது.

"ஜீப்புல ஏத்துங்கய்யா! சீக்கிரம்!" பால்ராஜ் கத்தினார்.

ஞானம்மாள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வேணாம் சார்... போயிட்டாரு. ஒரு தையல் போட்டிருந்தா பொழைச்சிருப்பாரு."

வெளியே விஷயம் தெரியாத கூட்டம் இன்னும் 'வாழ்க' கோஷம் போட்டது.

பால்ராஜ் தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப கொன்னது கத்தியில்ல... சூடம்! ரிப்போர்ட்ல ஆயுதம்னு எதைய்யா எழுதறது?"

"கத்தின்னே எழுதிக்கோங்க சார்," என்றான் வேம்புலி. "சூடம்னு எழுதினா, கேஸ் கோர்ட்டுக்கு வர்றதுக்குள்ள காத்துல கரைஞ்சிடும்!"