உள்ளே ஆள்

மிக்ஸியின் பிளக்கில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது.

மார்கழிக் குளிரில் ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. வியாழக்கிழமை காலை. ஊறிய துவரம்பருப்பும் மிளகாய்வற்றலும் மணக்கும் ஜாரை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மல்காஜ்கிரி ஸ்டேஷனுக்குள் நுழையும் வண்டியின் ஹாரன் ஓயட்டும் என்று சற்று நின்று, ப்ரியம்வதா மறு கையால் சுவிட்சைத் தட்டினாள். ஓடவில்லை. குனிந்து பார்த்தாள். யாரோ பிளக்கைப் பிடுங்கி, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை அடைத்து, டப்பாவைப் பூட்டியிருந்தார்கள். பூட்டில் ஓர் அட்டை. ‘உள்ளே ஆள். தொடாதே.’ பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

“ஏன்னா, இங்க வாங்கோ. இது என்ன கூத்து?”

அவள் கணவர் சாரங்கபாணி பேப்பரோடு வந்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எங்கேர்ந்து எடுத்தே?”

“நன்னாயிருக்கே. உங்க ஃபாக்டரி பூட்டு, நான் எடுத்தேனா?”

“வீட்ல இருக்கறது ரெண்டு பேர். நான் மாட்டலை.”

“அப்ப வேலைக்கு வர தாயம்மாள் மாட்டினாளா? வாசக்கதவையே அவளுக்கு ஒழுங்காப் பூட்டத் தெரியாது. உள்ளே ஆளாம்! மிக்ஸிக்குள்ள நான் யாரைப் போட்டு அரைக்கப்போறேன்?”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அவர் பேப்பரை மடித்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாரங்கபாணியின் தொழிற்சாலையில் பசை கலக்கும் பெரிய எஃகுத் தொட்டிகள் உண்டு. உள்ளே ஆள் உயரத் துடுப்புகள் சுழலும். சுத்தம் செய்ய இறங்குகிறவர், வெளியே இருக்கும் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கும். அவரே ஏறி வந்து தன் கையால் கழற்றும்வரை மேலதிகாரிகூட அந்தப் பூட்டைத் தொடக்கூடாது.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேர் இறங்கினார்கள். இரண்டு பூட்டுகள் கழன்றன. அந்த இருவரும் சாப்பிடப் போனார்கள். மூன்றாவது தொங்கியது. அது முகமது யூசுப்பின் பூட்டு. பெரிய ஆர்டர் தரப்போகிறவர்கள் கேட்டில் வந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் கண்முன் தொட்டி ஓடினால் சாரங்கபாணி ஜெனரல் மேனேஜர். ஓடாவிட்டால் அந்த நாற்காலி இன்னொருவருக்கு. தொட்டிக்குள் குரல் கொடுத்தேன், பதில் வரவில்லை என்று சாரங்கபாணி தன் மனைவிக்குப் போன் செய்தார். முப்பது வருஷமாக அவளைக் கேட்காமல் எதையும் செய்யாதவர்.

“வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போயிருப்பான். பூட்டை மறந்திருப்பான்,” என்றாள் ப்ரியம்வதா. “கட்டர் இருக்கோல்லியோ? வெட்டுங்கோ.”

வெட்டினார். சுவிட்சைப் போட்டார்.

அன்று மாலை, வெட்டிய பூட்டு டிபன் பைக்குள் வீட்டுக்கு வந்தது. சுவிட்சில் பூட்டு இல்லை, யூசுப் பூட்டு மாட்டாமல் இறங்கிவிட்டார், தவறு அவருடையது என்று கம்பெனி விசாரணை முடிந்தது. ப்ரியம்வதா அந்தப் பூட்டைப் பிள்ளையார் கரைக்கும் நாள்வரை அரிசி டின்னில் வைத்திருந்தாள். பிறகு களிமண் பிள்ளையாரின் முதுகைத் தோண்டி உள்ளே வைத்து, ஈர மண்ணால் பூசி, மேளமும் கூச்சலுமாக இருந்த சஃபில்குடா ஏரியில் தன் கையாலேயே இறக்கினாள். பிள்ளையார் கல்லைப்போல் மூழ்கினார்.

நாற்காலி வந்தது. கச்சிபௌலியில் பதினெட்டாவது மாடியில் வீடும் பதிவாயிற்று. ஆனால் இறந்த யூசுப்பின் மனைவி வழக்குப் போட்டிருந்தாள். வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சாரங்கபாணி சாட்சி சொல்ல வேண்டும். கேள்வி ஒன்றுதான். பூட்டு இருந்ததா, இல்லையா?

வியாழன் மாலை மிக்ஸியின் பூட்டைக் காணவில்லை. பிளக் தன் இடத்தில் இருந்தது. “நான் அப்படி ஒண்ணும் பாக்கலியேம்மா,” என்றாள் தாயம்மாள், பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல். தூக்காமல் ஏன் சொன்னாள் என்று ப்ரியம்வதா வெகுநேரம் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை வாஷிங் மெஷினில் பூட்டு தொங்கியது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் துணிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஒரு வெள்ளைச் சட்டையின் கை மட்டும் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஈரமும் சோப்பும், அவற்றுக்கு அடியில் பசை மாதிரி இன்னொரு வாடையும். அட்டையில் பெயர் எழுதும் இடத்தில் எதையோ எழுதி அழித்த தடம். அவள் அந்தத் தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். சாரங்கபாணியின் உருண்டைக் கையெழுத்தாக இருக்கலாம்.

அவர் குளிக்கப் போனதும் அவருடைய பையைத் திறந்தாள். மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ‘சம்பவ நாளன்று சுவிட்சில் பூட்டு இருந்தது.’ அடித்திருந்தார். மறுபடி எழுதியிருந்தார். மறுபடி அடித்து, மறுபடி எழுதியிருந்தார். கடைசி வரியை மட்டும் அடிக்கவில்லை.

அப்படியென்றால் பூட்டு மாட்டுவது அவர்தான். தன்னை மிரட்டிப் பணிய வைக்கப் பார்க்கிறார். இப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சனிக்கிழமை கீஸர் பழுதாயிற்று. எலக்ட்ரீஷியன் குழாயைத் தொட்டவுடன் கையை உதறினான்.

“பானி மே கரண்ட் ஆரா மேடம், தண்ணில ஷாக் அடிக்குது. சுவிட்ச் நக்கோ, போடாதீங்க. புது ராடு மங்கள்வார், செவ்வாக்கிழமைதான் கிடைக்கும். அதுவரைக்கும் ஆன் பண்ணிட்டு யாரும் தண்ணில கை வெக்காதீங்க. ஆள் காலி.”

“கேட்டுண்டியா?” என்றார் பின்னால் நின்ற சாரங்கபாணி. மெல்லிய குரல். அவர் அவளிடம் அவ்வளவு மெல்லப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இதைத் தன்னிடம் ஏன் சொல்கிறார்? எச்சரிக்கையா, அல்லது வேறா? அன்றிலிருந்து அவர் ஊற்றிய காப்பியை அவள் குடிக்கவில்லை. அவள் பரிமாறியதை அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு மதியம் இலையை வெறித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள்.

“நாளைக்கு என்ன சொல்லப்போறேள்?”

“கேட்டதுக்குப் பதில்.”

“என்ன பதில்?”

“என் பையை ஏன் திறந்தே?”

“நீங்க ஏன் பூட்டு மாட்டறேள்?”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். “தினம் சாயங்காலம் நீ அதைக் கழட்டறதைப் பாத்துண்டுதான் இருக்கேன். சாவியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?”

அவள் சிரித்தாள். “ஜெனரல் மேனேஜர் சாருக்கு நன்னா முத்திடுத்து.”

அவர் சிரிக்கவில்லை. “ப்ரியா, அன்னிக்கு உன்கிட்ட ஒரு பொய் சொன்னேன். நான் கூப்ட்டப்போ பதில் வந்தது. ‘ஹவ் சாப்’னான், ஆமா சார்னு. ரொம்பக் கீழேர்ந்து. அதுக்கப்புறம்தான் உனக்குப் போன் பண்ணினேன்.”

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. ரசம் இலையின் ஓரத்தைத் தாண்டித் தரையில் ஓடியது. இருவரும் அதைத் தடுக்கவில்லை.

“இதையும் சொல்லப்போறேளா?”

“சொல்லுவேன்.”

“நான் பேசினதை?”

“அதையும்.”

சாயங்காலம் அவள் கீழே போனாள். சாவி தொலைத்தவர்களுக்காக வாட்ச்மேன் ஒரு கட்டர் வைத்திருந்தான். பரண் பெட்டிப் பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி அதை வாங்கி வந்தாள். எதற்கு என்று தனக்குள்ளும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

இரவெல்லாம் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். அவரும் தூங்கவில்லை. விடியும் நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது பக்கத்தில் படுக்கை காலி. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

எழுந்து போனாள். கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. கீழ் இடுக்கில் வெளிச்சம். வெளியே சுவரில் கீஸர் சுவிட்ச். அதன்மேல் டப்பா. டப்பாவில் சிவப்புப் பூட்டு.

தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். பூட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அட்டை சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. படிக்க வேண்டிய அவசியமில்லை. உள்ளே யார் என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு மணி. ஒரே கேள்வி.

கட்டரை எடுத்து வந்தாள். அவள் நினைத்ததைவிடக் கனம். வாயைப் பூட்டின் வளையத்தில் கொடுத்தாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். பல் கூசியது. பூட்டு அறுந்து அட்டையோடு தரையில் விழுந்தது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

டப்பாவை விலக்கிச் சுவிட்சைப் போட்டாள்.

சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

தண்ணீர் விழுந்தது. வேறு சத்தமில்லை. விழுகிற சத்தம் இல்லை. அலறல் இல்லை. நின்றாள். கால் மரத்தது. தண்ணீர்.

வாசற்கதவில் சாவி திரும்பியது.

சாரங்கபாணி உள்ளே வந்தார். நெற்றியில் ஈரம் காயாத திருமண். கையில் கோயில் பொங்கல், தொன்னையில் ஆவி பறந்தது. துளசியும் நெய்யும் மணந்தன. கட்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். வெகுநேரம் அவளைப் பார்த்தார்.

“நான் உள்ள இருக்கேன்னு நெனச்சியா?”

அவள் கட்டரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அவர் தொன்னையை மேசைமேல் வைத்தார். குளியலறைக் கதவுப் பக்கம் திரும்பினார்.

“அப்ப உள்ள யாரு?”

தரையில் அட்டை கவிழ்ந்து கிடந்தது. இருவரும் குனியவில்லை.

தண்ணீர் நின்றது.

குழாயை யாரோ இறுக்கி மூடினார்கள். துண்டைப் பிழிந்தார்கள். நிதானமாக. வாளியில் சொட்டியது. தொண்டையைச் செருமும் சத்தம்.

கீழ் இடுக்கின் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது.

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.