இருபத்தேழாம் வீட்டின் மூன்றாவது வரி

துளையிட்ட கார்டுகள் நானூற்றுப் பன்னிரண்டை ரீடர் இயந்திரத்தில் போட்டான். ரீடர் நானூற்றுப் பதின்மூன்று என்று காட்டியது.

தாணுலிங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது. நாளைக் காலையில் லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும். சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது பகல் வேலைக்காரன் சுதீஷ்கூட, “அண்ணாச்சி, நாளைக்கு இவளை ஆக்ரிக்காரன் உடைச்சு எடைக்குப் போடுவான். கடைசி ராத்திரி, சண்டை போடாம ஒத்துமையா இருங்க, கேட்டோ” என்று சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

மிச்சமிருந்தது ஒரு கட்டுதான். பதினேழு வருடத்துக்கு முன், எழுபத்து நான்கில், ஸ்ரீவராகம் பகுதியில் எடுத்த யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பு. அந்தக் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும் என்பதால், ஊழியர்கள் ஒன்பது மணிக்கு மேல் பையோடு வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்து வந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. வீட்டு எண், ஆள் எண், ஆணா பெண்ணா, வயது, தகட்டு எண். எல்லாம் துளைகள். இதைக் காந்த நாடாவில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

மறுபடியும் அடுக்கினான். ரீடர் கார்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து விழுங்கும் தடதடப்பு, ஜன்னல் இல்லாத அந்தக் குளிர்ந்த கம்ப்யூட்டர் அறையின், பலகை பாவிய பொய்த்தரை வழியாக அவன் செருப்பில் ஏறி முழங்கால்வரை வந்தது. எண்ணெயும் பழைய அட்டையும் சேர்ந்த வாசனைக்குள் இன்று வேறொன்றும் இருந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிற மாதிரி, லேசாக, மூக்கைத் திருப்பினால் காணாமல் போகிற மாதிரி. கடைசிக் கார்டு விழுந்தது. நானூற்றுப் பதின்மூன்று.

கையால் எண்ணினான். நானூற்றுப் பன்னிரண்டு.

பிரின்டரில் பட்டியலை ஓடவிட்டு, தாளையும் கார்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். இருபத்தேழாம் வீட்டில் நின்றான். தாளில் மூன்று வரி. கையில் இரண்டு கார்டு.

இருபத்தேழு, போன ஓணத்துக்கு அவனும் மனைவி உலகம்மையும் வாடகைக்கு வந்த வீடு.

ஆள் 01, ஆண், வயது 41. ஆள் 02, பெண், வயது 34.

அவன் வயது. அவள் வயது. பழைய குடித்தனக்காரர்களுக்கும் அதே வயதாக இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மூன்றாவது வரியில் ஆணா பெண்ணா என்ற இடம் காலி. வயது 99. தெரியாது என்பதற்கான குறி. மூன்று பேருக்குமே தகட்டு எண் இல்லை. எண் இல்லாவிட்டால் ரத்தம் எடுக்கவில்லை, ஊழியர் மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

மூன்றாம் முறை போட்டுப் பட்டியல் எடுத்தான்.

இப்போது 02க்கு எதிரே தகட்டு எண் இருந்தது. ஐந்து இலக்கம். கார்டை எடுத்து விளக்கருகே பிடித்தான். அட்டை மஞ்சளாகப் பழுத்திருந்தது. பழைய துளைகளின் ஓரமும் மஞ்சள். புதிதாக ஐந்து துளைகள். அவற்றின் ஓரம் மட்டும் வெள்ளை.

வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்கு அடித்தான்.

“பொன்னம்மை அக்கா, தாணு பேசுகேன். உலகம்மையைக் கொஞ்சம் விளிக்கணும்.”

“ராத்திரி பத்து மணிக்கு என்னவே கொஞ்சல் வேண்டிக் கிடக்கு? இரும், விளிக்கேன்.”

காத்திருந்தான். முப்பத்தெட்டு வயதில் கல்யாணம். அவனுக்கென்று இருந்த ஒரே ஆள் அவள். அதை அவளிடம் அவன் சொன்னதில்லை.

“என்னவாம்?” என்றாள் உலகம்மை.

“வீட்டுக்கு யாரும் வந்தாங்களா?”

“நீங்க அனுப்பின ஆளுதானே? யானைக்காலுக்கு ரத்தம் எடுக்கன்னு வந்தாரு. என் விரல்ல குத்தியாச்சு. வலிக்கவே இல்ல.”

“நான் யாரையும் அனுப்பல.”

“போங்க, விளையாடாதீங்க. உங்க பேரு, வயசு, சோலி எல்லாம் சொல்லுதாரு. மூணாவது ஆளு எங்கன்னு கேட்டாரு. நாங்க ரெண்டு பேருதான்னேன். இல்லம்மா, மூணுன்னுதான் இருக்குன்னு சொல்லிட்டு உள்ளறையில போய் உக்காந்துட்டாரு. வெளக்கு வேண்டாம்னுட்டாரு.”

“நீ திரும்பிப் போகாதே. அக்கா வீட்டிலேயே இரு. மனசிலாச்சா?”

“அடுப்புல பால் கிடக்கே.”

“கரிஞ்சு போட்டும். நான் சொல்லுகதைக் கேளு.”

“சரி, சரி. சத்தம் போடாதீங்க. பின்ன, சீக்கிரம் வந்துருங்க.”

சைக்கிளில் வீட்டுக்கு அரை மணி நேரம். ஒரு கார்டு அடிக்க அரை நிமிடம். தவறாக ஏறிய ஆளைப் பட்டியலிலிருந்து நீக்க அங்கே ஒரு வழி இருந்தது. அதே வீட்டு எண், அதே ஆள் எண், கடைசிக் கட்டத்தில் ஒன்பது. நீக்கு என்று பொருள். அதைக் கட்டின் அடியில் வைத்துப் போட்டால் போதும். இருபது வருடத்தில் ஆயிரம் முறை செய்திருக்கிறான்.

துளை போடும் பஞ்ச் மெஷினில் உட்கார்ந்தான். மாதிரிக்கு 02 கார்டை வைத்தான். முன் கார்டில் உள்ள துளைகளை அடுத்த கார்டில் அப்படியே போடும் பொத்தான் ஒன்று உண்டு, டூப் என்பார்கள். வீட்டு எண்வரை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆள் எண் வந்ததும் விரலை எடுத்துவிட்டு 03 என்று கையால் அடிக்க வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ கிணுங்கியது. கண்ணாடி மாதிரி.

திரும்பினான். யாருமில்லை. விரல் பொத்தானிலேயே இருந்தது.

ஒன்பதை அடித்தான். பார்க்கவில்லை. கட்டின் அடியில் செருகி ரீடரை ஓட்டினான். எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு. மூச்சு விட்டான். பட்டியலை இழுத்தான்.

வீடு 27. ஆள் 01. ஆள் 03. எடுக்காத விரல் 02ஐயே நகலெடுத்திருந்தது.

மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போனைச் சுழற்றினான்.

“அக்கா, உலகம்மை.”

“எந்த உலகம்மை?”

“இப்ப உங்க பக்கத்துல நின்னாளே. என் பெண்டாட்டி.”

“தாணு, குடிச்சிருக்கீரா? உமக்கு ஏது பெண்டாட்டி? நீரும் அந்த ராத்திரிச் சோலிக்காரரும்தானே அந்த வீட்டுல தாமசம்? அவரு அப்பவே பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு. உம்மகிட்டதான் வாறாருன்னு சொன்னாரு.”

வைத்துவிட்டாள்.

பழைய 02 கார்டை எடுத்தான். துளை ஒன்றுகூட இல்லை. மழமழவென்று வெற்று அட்டை. தகட்டு எண்ணோடு வந்த தாளை விரித்தான். அந்த வரி இருந்த இடம் வெள்ளை.

புதிதாக அடித்தான். 27. 02. பெண். 34. ரீடர் அதைத் தனியே துப்பியது. நீக்கிய ஆளைத் திரும்பச் சேர்க்கத் தகட்டு எண் வேண்டும். அதுதான் விதி. ஐந்து இலக்கம். முதல் இலக்கம் நான்கா? ஏழா? அடித்தான். துப்பியது. மாற்றி அடித்தான். துப்பியது. தரை முழுக்கக் கார்டுகள். எல்லாம் உலகம்மை.

கதவு திறக்கும் சத்தம் வரவில்லை. பொய்த்தரைப் பலகை மட்டும் ஒன்று அமுங்கியது. பிறகு அடுத்தது. ஆஸ்பத்திரி வாசனை இப்போது நேராக அடித்தது.

அவன் திரும்பவில்லை.

பின்னால் மேசையில் பை வைக்கப்பட்டது. கொக்கி அவிழ்ந்தது.

“எண் வேணும்” என்றான் தாணுலிங்கம். “அவ எண். அஞ்சு இலக்கம். சொன்னா அடிச்சிருவேன்.”

ரத்தம் கொடுத்தால்தான் எண் கிடைக்கும்.

இடது கையைப் பின்னால் நீட்டினான். அதை ஒரு கை வாங்கிக்கொண்டது. பஞ்சு ஈரமாகச் சுண்டுவிரலைத் துடைத்தது. பிறகு அடுத்த விரலை. பிறகு அடுத்ததை.

வலது கை பொத்தான்களின் மேல் காத்திருந்தது. பின்னால் மேசைமேல் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக வைக்கும் சத்தம். பத்து. இருபது. ஐம்பது. நூறு தாண்டியும் தகடுகள் வந்துகொண்டே இருந்தன.