இடது ஓரத்துச் சிவப்பு

திங்கட்கிழமை காலை, டிசைன் மென்பொருளைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. ஐந்து வருடமாகத் திரையின் வலப்பக்கம் இருந்த பட்டன்களில் ஒன்றைக்கூடக் காணோம்...

"யாருங்க என் டூல்ஸ எல்லாம் எடுத்தது?"

"எடுக்கலீங்க. இடம் மாத்தியிருக்கேன்."

இடப்பக்கத்திலிருந்து வந்த குரல் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பக்கத்தில் எப்போது வந்தான்? கழுத்தை முழுசாகத் திருப்பிய பிறகுதான் தெரிந்தான். மழையில் நனைந்த சட்டை, சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். அழகான கண்கள்தான்! ஆனால் அதை ரசிக்கிற நிலையிலா அவள் இருந்தாள்?

மருந்து பாட்டில்களுக்கு லேபிள் வடிவமைக்கும் அலுவலகம் அது. எல்லாருடைய கணினியிலும் மென்பொருள் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, மூன்று நாள் வேலைக்கு அவனை வரவழைத்திருந்தார் மேனேஜர். அவன் எழுதியது சின்ன ஸ்கிரிப்ட், கணினிக்கான குட்டி நிரல். மென்பொருளைத் திறந்ததும் தானாக ஓடி, பட்டன்களை எல்லாம் இடது ஓரத்தில் ஒரே பேனலாக அடுக்கிவிடும். லேபிளில் ஏதாவது ஒரு வரி கட்டத்துக்குள் அடங்காமல் மறைந்துபோனால், அந்தப் பேனல் சிவப்பாகும்.

"எனக்குப் பழைய மாதிரியே வெச்சுக் குடுத்துடுங்க."

"ரெண்டு நாள் பழகிப் பாருங்க. நீங்களே என்னைத் தேடி வருவீங்க."

"வருவேன். சண்டை போட."

"அதுக்காவது வாங்க!"

உதடு என்னவோ சிரித்தது. கை மட்டும் பழக்கத்தில் வலப்பக்கத்துக் காலி இடத்தையே கிளிக் செய்தது.

போன மாதம் கண் டாக்டர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இடப்பக்கப் பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வருகிறது... எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியவில்லை. அம்மாவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. அலுவலகத்துக்குத் தெரிந்தால், மருந்து லேபிளை இனி யார் நம்பிக் கொடுப்பார்கள்? அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை, உயிராக நினைக்கிற வேலை, போய்விடும். பட்டன்கள் இருக்கும் இடம் கைக்குப் பாடமாகியிருந்ததால்தான் இதுவரை ஒப்பேற்றினாள். அந்தப் பாடத்தைத்தான் இந்த ஸ்கிரிப்ட்காரன் ஒரே காலையில் அழித்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை எப்படியோ சமாளித்தாள். புதன் மதியம் வந்தது குழந்தைகளுக்கான இருமல் மருந்து. லேபிள் பளிச்சென்று இருந்தது. அச்சுக்கு அனுப்ப விரலை அழுத்தப் போனாள்.

"நிறுத்துங்க!"

அவன் கை மவுஸை இழுத்துக்கொண்டது. "சிவப்பா எரியுதே... பாக்கலையா?"

தலையைத் திருப்பினாள். இடது ஓரம் முழுக்கச் சிவப்பு. கட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினான். மறைந்திருந்த கடைசி வரி எட்டிப் பார்த்தது. 'இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.'

அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

"க... கவனிக்கல. அவ்வளவுதான்."

அவன் சிவப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. ஐயோ, கண்டுபிடித்துவிட்டானா?

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவள் திரை மட்டும் மாறியிருந்தது. மவுஸை எங்கே கிளிக் செய்தாலும் பட்டன்கள் அங்கேயே, அவள் பார்வைக்கு நேராக விரிந்தன. சிவப்பு எச்சரிக்கை திரையின் நட்டநடுவில் வந்து நின்றது.

"யார் கேட்டா இத? பாவம்னு பரிதாபப்பட்டு எழுதுனீங்களா?"

"பரிதாபம் இல்லீங்க."

"வேற என்ன?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவன் கண்முன்னாலேயே அந்த ஸ்கிரிப்டை அழித்தாள். அவன் தடுக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க. ஆனா... அந்தக் கடைசி வரிய மறந்துடாதீங்க."

மறக்கவா முடியும்? கண்ணை மூடினாலும் அந்த வரிதான் நின்றது. வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பத்து நிமிடம் பொறுத்தாள். கணினியின் குப்பைத்தொட்டியில் கிடந்த ஸ்கிரிப்டைத் திரும்ப எடுத்து வைத்தாள். நேராகப் போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

வெளியே வரும்போது கண்கள் நனைந்திருந்தன. வேலை போகவில்லை. இனி எந்த லேபிளையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டியபடி அவன் நின்றான், இந்த முறை அவளுக்கு நேர் எதிரே.

"மூணு நாளா உங்க இடப்பக்கம் நின்னுதாங்க சிரிச்சுட்டிருந்தேன். நான் வாயத் திறந்தாலொழிய ஒரு தடவைகூட நீங்க திரும்பல. சரியான திமிர்னு நெனச்சேன்... இருந்தும் நிக்காம இருக்க முடியல. சிவப்ப பாத்தப்பதான் புரிஞ்சுது. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. வேற என்னன்னு கேட்டீங்களே... அதுதான்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கண்ணு இன்னும் மோசமாகலாம். எனக்கே பயமா இருக்கு..."

"எனக்கும்தான். நீங்க இந்த ரோட்ட எப்படித் தாண்டுறீங்கன்னு நேத்து பாத்தேன்."

இருவரும் சாலையோரம் வந்தார்கள். குடையை விரித்தவன், அவள் பார்வையில் படும்படி வலப்பக்கமாக வந்து நின்றான். இடப்பக்கம் எங்கோ வண்டிகளின் இரைச்சல்... தினமும் அவளை உறைய வைக்கும் இரைச்சல்.

"இங்க வேணாம். அந்தப் பக்கம் வாங்க."

"அங்க நின்னா உங்க கண்ணுக்குப் பட மாட்டேனே?"

"படலைன்னா என்ன? நீங்க அங்க இருந்தா, அந்தப் பக்கத்த நெனச்சு நான் பயப்பட வேண்டியதில்ல."

அவன் இடப்பக்கம் வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமலே அவள் சாலையில் காலை வைத்தாள்.