மீன்கொத்தியும் ஒட்டுப் பிரிந்த உறையும்

"சாவியை நான் கொடுத்துடறேன். அது பிரச்சினை இல்ல. எல்லார் முன்னாடியும் வெச்சுக் கொடுக்கச் சொல்றாங்க பாருங்க, அதான் தாங்கல."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு. கூட்டம் ஆரம்பிச்சதும்."

"இப்ப மூணேகால்தான். முதல்ல தோசையைச் சாப்பிடுங்க, ஆறிப் போச்சு."

ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல் அது. தோசையைச் சாப்பிடச் சொன்னவள் வித்யாலட்சுமி. மென்பொருள் நிறுவனமொன்றில் சோதனைப் பிரிவுக்குத் தலைவி. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அவள் வேலை. அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பா காணாமல் போனாலும், பெயரில்லாத காதல் கடிதம் மேசையில் கிடந்தாலும் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

பக்கத்தில் காபி டம்ளருடன் நின்ற அஷ்வின் அவள் குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வேலூரிலிருந்து வந்து ஈஜிபுராவில் அறையெடுத்திருந்தான். மொழிபெயர்ப்பில் வந்த துப்பறியும் கதைகளையெல்லாம் மூச்சுவிடாமல் படித்தவன் ஆதலால், வழக்கு என்றால் பனிமூட்டமும் குதிரை வண்டியும் வேண்டும் என்பது அவன் எண்ணம். இங்கே அவனுக்கு வாய்த்தது தேங்காய்ச் சட்னியும் ஒரு தண்ணீர் லாரியும்.

சாவியைக் கொடுக்க வேண்டியவள் அனுஷா. அதே அலுவலகத்தின் வரவேற்பில் இருப்பவள்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் வித்யாலட்சுமி.

"ஞாயித்துக்கிழமை பாட்டு வட்டம்னு ஒண்ணு நடத்தறோம், வித்யாக்கா. வாரம் ஒரு பழைய பாட்டு. நாலஞ்சு வரிதான் இருக்கும். புத்தகத்துல ஒவ்வொரு பாட்டுக்கும், இதை யார் யாருக்கு எந்தச் சமயத்துல சொன்னாங்கன்னு சின்னக் குறிப்பு இருக்கும். எங்க வட்டத்துல அதை மறைச்சிடுவோம். பாட்டு மட்டும் கையில. பறவை எதைக் குறிக்குது, பூ எதைக் குறிக்குது, பேசறது யாருன்னு நாங்களே யோசிச்சு எழுதணும். குறிப்பு ஒட்டின உறையில அலமாரி மேல இருக்கும். அடுத்த வாரம் பிரிச்சுப் பார்ப்போம். இந்தத் தடவை யார் எழுதினது பொருந்துதோ, அவங்கதான் ஆண்டு விழா மேடையில பேசணும்."

"உறை பிரிஞ்சிருந்ததா?"

"ஆமா. காலையில எழுதினதைக் கொடுத்தோம். வட்டத்தை நடத்தற சார் உறையை எடுத்தாரு, ஒட்டு விட்டிருந்தது. அறைச் சாவி என்கிட்டத்தான் இருக்கு. புதன்கிழமை திறந்ததும் நான்தான். அதான் பழி என் மேல."

"அன்னைக்கு வேற யார் வந்தாங்க?"

"சுதீரும் நோயலும். நாற்காலி அடுக்க. நான் பால் வாங்கக் கீழே போனேன், பத்து நிமிஷம். எழுதினதும் நாங்க மூணு பேர்தான்."

அஷ்வினுக்குப் பொறி தட்டிவிட்டது. "அப்போ ரொம்ப சுலபம். யார் பதில் சரியா இருக்கோ, அவங்கதான் பிரிச்சவங்க."

"நல்லாப் படிச்சவங்களைப் பிடிச்சு உள்ள போட வழி கண்டுபிடிச்சிருக்கே," என்றாள் வித்யாலட்சுமி.

அனுஷா மட்டும் சிரிக்கவில்லை. "நான் சரியா எழுதியிருக்கேன்னுதான் நினைக்கிறேன். அதான் பயமா இருக்கு." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

*நீலச் சிறகின் செவ்வாய்ச் சிரலே,*
*கணத்தில் மூழ்கிக் கயல்கொண்டு பறந்தனை;*
*நீ எழுப்பிய அலை நின்றபா டில்லை;*
*ஆம்பல் நெடுந்தாள் ஆடும் நாளெல்லாம்;*
*வேலிப் புறத்தும் கேட்கும்என் குரலே.*

"சிரல்னா?" என்றான் அஷ்வின்.

"மீன்கொத்தி."

வித்யாலட்சுமி தாளை இரண்டு முறை படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் லேசாகத் தலையாட்டினாள். "வாங்க, அறையைப் பார்க்கலாம்."

வட்டம் கூடுகிற மாடி அறையில், அதை நடத்தும் சீனிவாசராகவன் தனியாக உட்கார்ந்திருந்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பம் இந்த ஊருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. "பன்னி, பன்னி. உக்காருங்கோ," என்று, 'வாங்க' என்பதைக் கன்னடத்தில் சொல்லித் தமிழில் முடித்தார். அனுஷாவைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் சந்தோஷமாம்மா? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

அஷ்வின் உறையை வெளிச்சத்தில் பிடித்து, பசையை முகர்ந்து பார்த்தான். பசை வாசனைதான் வந்தது.

"உள்ளே இருக்கறதை நான் பார்க்கலாமா, சார்?" என்றாள் வித்யாலட்சுமி.

"தாராளமா. இனிமே அதுல என்ன ரகசியம்?"

சீட்டில் ஒரே வரி இருந்தது: மகள் தலைவனோடு பாலை வழியே போய்விட்டபின், வளர்த்த செவிலித்தாய் வருந்திச் சொன்னது.

"எந்தப் புத்தகத்திலிருந்து எழுதினீங்க?"

"என் பழைய பிரதி பைண்டிங்குக்குப் போயிருக்கு. நாப்பது வருஷமா அதுலதான் படிக்கிறது. இது புதுப் பதிப்பு, போன வாரம்தான் வாங்கினேன். இருபது வாரத்துக்கும் சேர்த்து ஒரே உட்காரல்ல எழுதி ஒட்டிட்டேன். முதல் உறை இதுதான்."

அஷ்வின் அந்தப் புத்தகத்தைப் புரட்டினான். முதல் பக்கத்தின் மேலே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு, அதன் கீழே ஒரு பாட்டு. தாளின் மணம் நன்றாக இருந்தது. வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. அவனிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்ட வித்யாலட்சுமி, மூன்று கட்டுரைகளையும் கேட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு புறா வந்து அமர்ந்து, அவள் தோளுக்கு மேலாகத் தானும் படிப்பதுபோல் எட்டிப் பார்த்தது.

ஐந்து மணிக்குச் சுதீரும் நோயலும் மற்றவர்களும் வந்து நாற்காலிகளில் அமர்ந்தார்கள். அனுஷா சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம், அனுஷா," என்றாள் வித்யாலட்சுமி. "பாட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிக்கறேன். குளத்துக்கு மீன்கொத்தி வருது. ஒரு கணம் முங்கி, மீனோட பறந்துடுது. அது கிளப்பின அலை மட்டும் அடங்கல. அந்த அலையில ஆம்பல் தண்டு நாள்பூரா ஆடுது. நோயல், நீங்க என்ன எழுதினீங்க?"

"வந்து வந்து போற காதலன்தான் மீன்கொத்தி. அலைங்கறது ஊர்ப் பேச்சு. ஆம்பல் அந்தப் பொண்ணு," என்றான் நோயல். "பேசறதும் அவளேதான்னு எழுதினேன்."

"அனுஷா?"

"பேசறது அவ தோழி. வேலிக்கு வெளியே அவன் நிக்கறான். அவன்கிட்ட நேராச் சொல்லாம, அவன் காதுல விழற மாதிரி பறவைகிட்டச் சொல்றா. சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கோன்னு அர்த்தம்."

"சீட்டுல அப்படி இல்ல. செவிலித்தாய்னு இருக்கு. அப்படிப் பார்த்தா நீங்க ரெண்டு பேருமே தப்பு."

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ சுதீர் ஒருத்தன்தான் சரியா எழுதியிருக்கான். கெட்டிக்காரன்னு ஆகுதே தவிர, திருடன்னு ஆகாதே, அம்மா."

"சார், இந்தப் பாட்டுல செவிலி எங்கே? பாலை வழி எங்கே? சுதீர் கட்டுரையில ரெண்டும் இருக்கு. குளிர்ந்த குளத்துக்கரையில காலடி சுடற மணலைப் பார்த்திருக்கார்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பாட்டுல இல்லாததும் சீட்டுல இருக்கறதும் ஒரே கட்டுரையில சேர்ந்தா என்ன அர்த்தம்?"

"ஆனா சீட்டு சரியான சீட்டுதானே?" என்றார் அவர்.

"அதான் இல்ல." அவள் புதுப் புத்தகத்தை விரித்து அவர் முன் வைத்தாள். "உங்க பழைய பிரதியில குறிப்பு பாட்டுக்குக் கீழே இருக்கும், இல்லையா?"

"பின்னே? எப்பவும் கீழேதான்."

"இதுல முதல் பக்கமே குறிப்போடதான் ஆரம்பிக்குது. நீங்க பழக்கத்துல நம்ம பாட்டுக்குக் கீழே இருந்ததை எடுத்து எழுதிட்டீங்க. அது அடுத்த பாட்டோட குறிப்பு."

அவர் விரலை மெல்ல மேலே நகர்த்திப் படித்தார். "தலைவன் வேலிக்கு வெளியே நிற்க, தோழி சொன்னது." பிறகு அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. "இருபது உறையும் தப்பு. நாசமாப் போச்சு. இருபதும் தப்பு." சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனுஷாவிடம் போய், சாவி இருந்த அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடினார். "உன்கிட்டயே இருக்கட்டும், அம்மா. மேடையும் உன்னுதுதான். என்னை மன்னிச்சுடு."

சரியான பதிலை எழுதியவனைத் தேடினான் அஷ்வின்; வித்யாலட்சுமி தேடியதோ உறைக்குள்ளிருந்த அதே தப்பை எழுதியவனை. அவன் காபி டம்ளரோடு சொன்ன விதி இப்படித் தலைகீழாகிப் போனதில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கம், நிறைய சந்தோஷம்.

எல்லோரும் சுதீர் பக்கம் திரும்பினார்கள். காது மடல்கள் சிவக்க அவன் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷமா வர்றேன்," என்றான். "நீங்க எல்லாரும் பூவைப் பார்த்தா பொண்ணுங்கறீங்க, அலையைப் பார்த்தா ஊர்ங்கறீங்க. எனக்கு மீன்கொத்தி மீன்கொத்தியாவேதான் தெரியுது. ஒரு தடவையாவது எனக்கும் புரிஞ்சதுன்னு காட்டணும்னு இருந்தது. பழி அனுஷா மேல விழும்னு யோசிக்கல. விழுந்தப்புறம் வாயைத் திறக்கவும் தைரியம் வரல."

அனுஷா சாவியைக் கைப்பையில் போட்டாள். 'கிளிக்' என்று பை மூடிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. எழுந்து ஜன்னலருகே போனான். கம்பியில் புறா இன்னும் உட்கார்ந்திருந்தது. அறையில் உள்ள அத்தனை பேர் காதிலும் விழும்படி, அதைப் பார்த்துச் சொன்னான்:

"புறாவே, பொறுக்கித் தின்னற புறாவே, அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் இங்க வரலாமான்னு, சாவி வெச்சிருக்கறவங்ககிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."