மருந்து நுரைத்த இடங்கள்

துடைத்து முடித்த தரைப்பலகை மறுபடியும் நுரைத்தது.

வெர்னா கையில் மருந்துத் தெளிப்பானுடன் குனிந்து பார்த்தாள். ரத்தம் இருந்தால்தான் அந்த மருந்து நுரைக்கும். கண்ணுக்குத் தெரியாத சொட்டைக்கூட விடாது. மெம்ஃபிஸில் கொலை விழுந்த வீடுகளைக் கழுவிக் கழுவி அவளுக்கு மனசு மரத்துப் போயிருந்தது. இந்த வீட்டுக்காரன் சுடப்பட்டுச் செத்த நாற்காலியை அறுத்துச் சிவப்புப் பைகளில் கட்டியாயிற்று, கம்பளத்தையும் அதற்கடியில் ஊறிக் கிடந்த பஞ்சையும் உரித்தாயிற்று. முகமூடிக்குள் ப்ளீச் நெடியும் காலையில் குடித்த காப்பியின் வாடையும் மாறி மாறி வர, சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகி முனகி ஓய, சாயங்கால வெயில் வெறும் பலகையில் நீளமாகக் கிடந்தது.

நுரை ஒரு பாதத்தின் வடிவில் இருந்தது. வெறுங்கால்.

"ஓடெல், சுட்டதுக்கப்புறம் அந்தாளு எழுந்து நடந்தானா?"

"நாற்காலியிலயே முடிஞ்சிட்டான்னுதானே போலீஸ் சொல்லிச்சு, மிஸ் வெர்னா. ஏன், உங்களப் பாக்க எழுந்து வந்துட்டானா?" பைகளை வண்டிக்குத் தூக்கிக்கொண்டிருந்த கூட்டாளி சிரித்தான். "சீக்கிரம் முடிங்க. அவன் தங்கச்சிக்காரி பிள்ளையோட வந்துட்டிருக்கா. பாவம், வேற போக்கிடம் இல்ல."

சுத்தம் என்று வெர்னா சொன்னால்தான் அவர்கள் குடிவர முடியும்.

துடைத்தாள். நடைவழியில் மருந்தை அடித்தாள். இன்னொரு பாதம். அதற்கப்பால் இன்னொன்று. எல்லாமே பின்பக்கத்துச் சின்ன அறையை நோக்கிப் போயின. அங்கே குழந்தைக்கான கட்டிலை ஏற்கெனவே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. கை அடித்தது, துடைத்தது, அடித்தது.

கடைசிப் பாதம் அறை வாசலில் இருந்தது. உள்ளே அடித்தாள். ஒன்றுமில்லை.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். இறந்தவனின் தங்கை ரொவீனா தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றாள்.

"உள்ள வரலாமா, மேடம்? ராத்திரியெல்லாம் கார்லயேதான் படுத்துக் கிடக்கோம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது?

"சுத்தமாயிடுச்சும்மா," என்றாள் வெர்னா. தினமும் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது.

ரொவீனா மகளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் பெட்டிகளை எடுக்கப் போனாள். குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டுகொண்டது. வெர்னா வாசலில் நின்றபடியே கட்டிலோரத் தரையில் ஒரு தடவை அடித்தாள்.

நுரைத்தது.

பாதங்கள் இல்லை. இரண்டு வட்டங்கள். முழங்கால்கள். பின்னால், ஊன்றிய கால்விரல்கள்.

யாரோ மண்டியிட்டிருக்கிறார்கள்.

கத்த வாயைத் திறந்தாள். வாயும் மரத்திருந்தது.

கட்டிலின் சட்டம். அங்கே அவள் மருந்து அடிக்கவே இல்லை. அந்த மரத்தில் விரல் நுனிகள், ஒவ்வொன்றாக, வெள்ளையாகப் பொங்கி வந்தன.

பிறகு தலையணை நுரைத்தது. குழந்தையின் கன்னத்துக்கு வெகு பக்கத்தில்.