ஹந்தானை வீதியில் இருண்ட திரை

பஸ்ஸை விட்டு இறங்கிய யோகேந்திரன் ஒரு துணிப்பையையும் கொம்பியூட்டர் திருத்தும் சாமான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஹந்தானை வீதியின் ஏற்றத்தில் நடந்தான். மத்தியானம் இரண்டு மணிதான். ஆனால் மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டத்தில் எதிரே வந்த ஓட்டோ விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது.

2008ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். வடக்கில் சண்டை உக்கிரமாக நடந்தது. கண்டியிலோ, யாழ்ப்பாணத்து ஆளென்றால் அறை இல்லை என்று லொட்ஜ்காரர்கள் கையை விரித்தார்கள். அறை கிடைத்தாலும் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்து வைத்து, ஆளைப் பொலிஸில் பதிய வேண்டும். அந்தக் கடதாசி சட்டைப் பையில் இல்லாமல் சோதனைச் சாவடியில் மாட்டினால், பிறகு அவனை எங்கே போய்த் தேடுவது என்று பெற்றவளுக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த யோகேந்திரனை, தங்கியிருந்த லொட்ஜில் வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அன்று புதன்.

அதனால்தான் தியாகராஜா தொலைபேசியில், "கொம்பியூட்டரைச் சரிபண்ணித் தாரும். அறையும் தாறன், கையெழுத்தும் வைக்கிறன்" என்றபோது, அவன் நின்ற இடத்திலேயே நல்லூர் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

தியாகராஜா சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு அத்தாட்சி, இறப்பு அத்தாட்சி, காணி உறுதி எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து இங்கிலீசுக்கும் மாற்றி, அடியில் முத்திரை குத்திக் கொடுப்பவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெரிய பழைய வீட்டில் தனியாக இருந்தார். சுவரெல்லாம் ஈரம் ஊறியிருந்தது. கூடத்துக்குப் பக்கத்து அறையில், அலுமாரியை ஒட்டிய மேசையில் அந்தக் கொம்பியூட்டர் இருந்தது. திரை கறுப்பாய்க் கிடந்தது. இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

"அப்டேட் எண்டு ஒண்டு கேட்டுது. ஓமெண்டு அமத்தினன். அதுக்குப் பிறகு இப்பிடித்தான்" என்றார்.

யோகேந்திரனுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. லினக்ஸ். இதற்கு யாரோ, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் டிரைவரைக் கையால் ஏற்றியிருக்கிறார்கள். அது அப்போதிருந்த கேர்னலின், அதாவது லினக்ஸின் அடிநிரலின், அளவுக்குத் தைத்த சட்டை. அப்டேட்டில் கேர்னல் மாறினால் சட்டை பொருந்தாது, படம் வராது. ஒவ்வொரு முறையும் ஒருவர் இருந்து திரும்பத் தைக்க வேண்டும்.

"முந்தியும் இப்பிடி வந்ததோ ஐயா?"

"மாசா மாசம் வரும். ஒரு நாள் இருண்டு கிடக்கும், அடுத்த நாள் தானா வந்திடும். இந்த முறைதான் ஒரு கிழமையாகியும் வரேல்லை."

"தானா வராது ஐயா. ஆரோ இருந்து பாஸ்வேர்ட் குடுத்து டிரைவரைத் திரும்பப் போட வேணும்."

தியாகராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இஞ்ச என்னை விட்டா ஆர் இருக்கினம்?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. யோகேந்திரன் கதிரையை இழுத்துப் போட்டு, பழுதுபார்க்கும் வழியாக உள்ளே நுழைந்தான். படமில்லை, வெறும் எழுத்துத்தான். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கொம்பியூட்டர் தானே எழுதி வைக்கும் பதிவைத் திறந்தான். டிரைவர் திரும்ப ஏற்றப்பட்ட நாட்கள் வரிசையாக வந்தன. பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை எட்டுத் தடவை. எல்லாம் பட்டப்பகலில். எல்லாம் ஒரே பெயரில்.

"தயாபரன் ஆர் ஐயா?"

தியாகராஜா எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவருடைய குரல் அடங்கிப் போயிருந்தது.

"இந்த அறையில இருந்த பொடியன். இந்தக் கொம்பியூட்டரையெல்லாம் பொருத்திப் பூட்டித் தந்தது அவர்தான். தை மாசம் கீழ் வளைவில வச்சு வெள்ளை வான் வண்டியில ஏத்திக்கொண்டு போட்டினம். ஆரெண்டு தெரியாது."

"நீங்கள் முறைப்பாடு குடுக்கேல்லையோ?"

"அடுத்த நாளே பொலிஸ் பதிவில அவற்ற பேரை வெட்டுவிச்சன். பிடிச்ச நாளுக்கு முதலே வீட்டை விட்டுப் போயிட்டார் எண்டு எழுதிக் குடுத்தன். எனக்கும் உயிர் வேணும்தானே தம்பி?"

சத்தியப் பிரமாணம் செய்த மனுஷன். முத்திரையில் அப்படித்தான் இருந்தது.

யோகேந்திரன் திரும்பவும் திகதிகளைப் பார்த்தான். தையில் கொண்டுபோன ஆள் மாசியில் வந்து டிரைவர் ஏற்றியிருக்கிறான். பங்குனியிலும் ஏற்றியிருக்கிறான். ஆவணியில் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்திருக்கிறான். கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

"அப்ப இந்த முறை ஏன் வரேல்லை?" அந்தக் கேள்வி அவனையறியாமல் வாயிலிருந்து விழுந்தது.

"தாய்க்காரி கடிதம் போட்டவ, தேடி வாறன் எண்டு. அவ வந்து இதைத் திறந்து பாப்பா எண்ட பயத்தில போன கிழமை அவற்ற பாஸ்வேர்டை மாத்திப்போட்டன்."

யோகேந்திரன் பதிவின் கடைசிப் பக்கத்துக்குப் போனான்.

தயாபரன், தவறான பாஸ்வேர்ட்.

தயாபரன், தவறான பாஸ்வேர்ட்.

பக்கம் பக்கமாக அதே வரி. ஒரு கிழமையாக, இடைவிடாமல். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று ஒரு ஆள் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசி வரியில் நேரம் 3.42. யோகேந்திரன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.

3.42.

அவனுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. தியாகராஜா யன்னலடியில் நின்றார்.

திரையில் இன்னொரு வரி விழுந்தது.

பிறகு இன்னொன்று.

அறைக்குள் நனைந்த சட்டையின் வாடை அடித்தது. மழைக்கு முதலே வந்து சேர்ந்த யோகேந்திரனின் சட்டை காய்ந்திருந்தது.

"அழிச்சுவிடும்" என்று தியாகராஜா முணுமுணுத்தார். அவரும் அந்த வரிகளைக் கண்டுவிட்டார். "அவற்ற பேரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

யோகேந்திரன் தயாபரன் பெயரிலிருந்த கோப்புகளின் பட்டியலைத் திறந்தான். "இதுக்குள்ள அவர் தாய்க்கு எழுதின கடிதங்கள் இருக்கு ஐயா. ஒரு பிரதி எண்டாலும்..."

"அழிச்சுவிடும் எண்டுறன். நாளைக்கே உம்மைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதியிறன்."

யோகேந்திரனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடு அவன் வெள்ளிக்கிழமையையும் நினைத்தான். ஒரேயொரு வரி தட்டினான். தயாபரன் என்ற பெயர், கடிதங்கள், அம்மாவின் படங்கள் எல்லாம் போயின. கொம்பியூட்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று பிறகு தனக்கே சொல்லிக்கொண்டான். அது பொய்.

புதிய கேர்னலுக்கு டிரைவரைத் திரும்ப ஏற்றினான். திரை பளிச்சென்று வந்தது. தியாகராஜா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மறுநாள் சொன்னபடியே கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். "ஆர் வந்து கேட்டாலும் அப்பிடி ஒரு பொடியன் இஞ்ச இருக்கேல்லை, விளங்கிச்சுதோ?" என்று வரும் வழியில் மூன்று தரம் சொன்னார். யோகேந்திரன் மூன்று தரமும் தலையாட்டினான். அந்த ஒரு கிழமை அவன் செத்த பிணம்போல நித்திரை கொண்டான்.

அடுத்த வியாழன் காலை தியாகராஜா ஒரு காணி உறுதி அலுவலாக அரசாங்கக் கச்சேரிக்குப் போயிருந்தார். எட்டு மணியிலிருந்து கரண்ட் இல்லை. பதினொரு மணியளவில் தெருவாசல் படலையில் யாரோ கூப்பிட்டது கேட்டு யோகேந்திரன் வெளியே வந்தான்.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட படம்.

"தம்பி, நான் கமலாசனி. யாழ்ப்பாணத்திலயிருந்து கப்பலில திருகோணமலைக்கு வந்து, அங்கயிருந்து பஸ்ஸில வாறன். என்ர மகன் தயாபரன் இந்த வீட்டிலதான் இருந்தவர்."

அவள் படத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. வாங்கினால் முகத்தைப் பார்க்க வேண்டி வரும்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இருக்கேல்லை அம்மா."

"இந்த விலாசத்திலயிருந்துதான் ராசா கடிதம் போட்டவர்."

"இருக்கேல்லை அம்மா. நீங்கள் வேற இடத்தில விசாரியுங்கோ."

அவள் அழவில்லை. தலையைச் சரித்து, அவனுடைய தோளுக்கு மேலாக வீட்டைப் பார்த்தாள்.

"உள்ளுக்க ஆரோ தட்டினம்."

அவனுக்கும் கேட்டது. பக்கத்து அறையில் கீபோர்ட் தட்டும் சத்தம். மின்சாரமில்லாத வீட்டில், ஆளில்லாத அறையில், நிதானமாக, பழகிய கையால்.

"என்ர பிள்ளையும் இப்பிடித்தான். மெதுவாத்தான் தட்டும்" என்றாள் கமலாசனி. அவள் கை படலையின் கொக்கியில் இருந்தது.

அவள் உள்ளே வந்தால் எல்லாம் முடிந்தது. தியாகராஜா யோகேந்திரனின் பேரையும் பதிவிலிருந்து வெட்டுவிப்பார், அவன் திரும்பவும் தெருவில்.

"அது... இஞ்ச அறையில இருக்கிற பொடியன் அம்மா."

"பேரென்ன?"

"யோகேந்திரன்."

வேறு எந்தப் பெயரும் வாயில் வரவில்லை.

அவள் படலைக்கு மேலால் எட்டி, அசலூர்ப் பிள்ளையைக் கூப்பிடுகிற மரியாதையோடு குரல் கொடுத்தாள்.

"தம்பி யோகேந்திரன்! ஒருக்கா வெளியில வாங்கோ!"

தட்டும் சத்தம் நின்றது.

கதிரை பின்னுக்கு நகர்ந்தது.

கமலாசனி திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் ஆர் தம்பி?"

யோகேந்திரன் சட்டைப் பையிலிருந்த பொலிஸ் கடதாசியைத் தொட்டான். அதிலிருந்த பெயரைத்தான் உள்ளே இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். வீட்டுக்குள், கூடத்து வாசலில், யாரோ குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.