துசானின் குடிசையில் இருந்த சுள்ளி

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில் டாக்டர் கின்னேர்ட், மாஜிஸ்திரேட் டெய்ட்டின் அறைக்குள் வந்தார். தொப்பியில் இருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

"என்னைத் திருடன்னு சொல்லிட்டாங்க, டெய்ட். செத்துக்கிட்டிருந்த மனுஷன் வீட்டுல திருடினேனாம்."

ஓரமாக நின்ற கான்ஸ்டபிள் கஸ்பாருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். ஊருக்கே தெரியும். கிழட்டு வேட்டைக்காரர் துசான் பத்து நாள் முன்பு தன் காட்டுக் குடிசையில் இறந்துபோனார். கடைசிவரை கூட இருந்தவர் டாக்டர்தான்; உடலைச் சறுக்குவண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நேற்று துசானின் அக்காள் மகன் நர்சீஸ், மாமா பிடித்த பீவர் என்ற நீர்விலங்குகளின் தோல்கட்டைக் காணோம் என்று சந்தியில் நின்று கத்தினான். தேடினால், அது டாக்டரின் கிடங்கில் கிடந்தது. அந்தக் கிடங்குக்குப் பூட்டு கிடையாது. இந்த ஊரில் யார்தான் பூட்டுகிறார்கள்?

இருபது வருடம் முன்பு ஒரே ஒரு மருந்துப் பெட்டியோடு இந்த ஆற்றங்கரைக்கு வந்தவர் டாக்டர். காய்ச்சல் தீர்ந்தவர்கள் காசுக்குப் பதில் தோலைக் கொடுத்தார்கள். தோல் சேரச் சேர வியாபாரியும் ஆனார். ஆஸ்பத்திரி கேட்டு எழுதிய மனுக்களுக்குப் பதிலே வராமல் போக, தானே சட்டசபைக்குப் போய்க் கேட்பது என்று கிளம்பிவிட்டார். இந்தப் பழி ஒட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரியும் போச்சு, மானமும் போச்சு.

டெய்ட் புகைக்குழாயை மெதுவாக நிரப்பினார். "குடிசைய விட்டுக் கிளம்பறப்ப என்னென்ன செஞ்சீங்க?"

"அடுப்புச் சாம்பல அள்ளிக் கொட்டினேன். அடுத்து வர்றவனுக்கு அடுப்போரம் சுள்ளி வெச்சேன். காஞ்ச விறகு இல்ல, என் மருந்துப் பெட்டியத்தான் உடைச்சு வெச்சேன். தோல்கட்டு மூலையிலதான் கிடந்துச்சு."

"கஸ்பார், அங்க போய்ப் பாரு. அடுப்புக்குள்ள இருக்கறதும் வேணும், அடுப்போரம் இருக்கறதும் வேணும்."

கஸ்பார் சறுக்குவண்டியில் நாய்களைப் பூட்டும்போதே குற்றவாளியைப் பிடித்தாகிவிட்டது, மனசுக்குள். தேர்தலில் டாக்டரை எதிர்த்து நிற்கும் கடைக்காரர் பிளென்கார்னைத் தவிர வேறு யார்? ஆனால் வழியில் அடித்த காற்றில் அந்த யோசனையும் விறைத்துப்போனது. குடிசைக் கதவைத் திறக்கையில் விரல்கள் தன்னுடையவைதானா என்றே தெரியவில்லை. அடுப்புச் சாம்பலை ஒதுக்கினார், நான்கு ஆணிகள். பக்கத்தில் சுருள் சுருளாகச் சீவிவைத்த பிர்ச் மரச் சுள்ளிகள். இரண்டை எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றைப் பற்றவைத்தார். விரல்களுக்கு உயிர் வந்தது. கிளம்பும் முன் தன் பங்குக்குச் சுள்ளி சீவி வைத்தார்.

"டாக்டர் பொய் சொல்லிட்டாருங்கய்யா," என்றார் திரும்பி வந்து, வருத்தத்தோடு. "பெட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுதான் இருந்துச்சு."

"ஆணி இருக்கே, போதும்," என்றார் டெய்ட். "இந்தச் சுள்ளியத் தடவிப் பாரு."

சீவிய இடமெல்லாம் மயிரிழை போல ஒரு மேடு ஓடியது.

தேர்தலுக்கு முந்தின நாள் பிற்பகல், பள்ளிக்கூட அறையில் டாக்டர், பிளென்கார்ன், நர்சீஸ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது.

"பனி விழ ஆரம்பிச்சதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகல," என்றான் நர்சீஸ்.

"சரி. குளிருது, ஆளுக்கொரு கட்டை சீவுங்க," என்றார் டெய்ட்.

"விசாரணைன்னு கூப்பிட்டு விறகுவேலை வாங்கறீங்களே," என்று பிளென்கார்ன் சிரித்தார். இருந்தாலும் மூவரும் தங்கள் கத்தியை எடுத்தார்கள். இந்த ஊர்க்காரன் குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டான்.

டெய்ட் மூன்று கட்டைகளையும் குடிசைச் சுள்ளியோடு வரிசையாக வைத்தார். நர்சீஸின் கட்டையில் மட்டும் அதே மேடு, அதே இடத்தில்.

"டாக்டர் சாம்பல அள்ளிட்டுப் போனார். அப்புறம் வந்தவன் பெட்டிக்கட்டைய எரிச்சுக் குளிர் காஞ்சிருக்கான், அதான் ஆணி. எரிச்சதுக்குப் பதிலா வேற சீவி வெச்சிருக்கான், விளிம்புல பல்லு விழுந்த கத்தியால. உன் கத்தியக் காட்டு, நர்சீஸ்."

நர்சீஸ் காட்டவில்லை. பிளென்கார்னைப் பார்த்தான். "தோல்கட்ட டாக்டர் கிடங்குல போட்டுடு, நான் ஜெயிச்சா படகுத்துறை உனக்குன்னு இவருதான் சொன்னார்."

பிளென்கார்ன் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்.

கஸ்பாரால் பொறுக்க முடியவில்லை. "திருட வந்தவன் எதுக்குடா சுள்ளி சீவி வெச்சே?"

"அதெப்படி வெக்காம வர்றது? அடுத்து வர்றவன் விறைச்சுச் செத்துட்டா?"

கஸ்பார் தன் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டார்.

அந்த அறைக்கு வந்தபின் டாக்டர் முதல்முறையாகப் பேசினார். "துசான் கடைசியாச் சொன்னது உன் பேரத்தான். தோல்கட்டு உனக்குத்தானாம். அங்கயே விட்டுடு, அவன் வருவான்னார். அடக்கத்தன்னிக்கே சொல்ல வந்தேன், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. அப்புறம் சொன்னா, ஓட்டுக்காகக் கதை கட்டுறேன்னிருப்பே."

தனக்கு வந்த சொத்தைத் தானே திருடியவன் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நாளைக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்து உள்ள உக்காரு," என்றார் டெய்ட்.

இங்கே ஓட்டு வாயால்தான். எல்லோருக்கும் முன்னால் பெயரைச் சொல்ல வேண்டும். மறுநாள் நர்சீஸ், பிளென்கார்னுக்கு நேர் எதிரே நின்று, கடைசி வரிசைவரை கேட்கும்படி "கின்னேர்ட்" என்றான். டாக்டர் நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.

நர்சீஸ் தானாகவே லாக்கப்புக்கு நடந்தான். அங்கே கஸ்பார் முன்கூட்டியே அடுப்பை மூட்டிவைத்திருந்தார்.